ஆர்லன் டீட்ஸ் எறியாத பந்து

ஆர்லன் டீட்ஸுக்குக் கை விளங்காமல் போய்விட்டது என்று பிப்ரவரி முதல் வாரத்தில் செயின்ட் ஓடில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. தீவனக் கடையில் விரல் மரத்துப்போனதாக இருந்தது, மளிகைக் கடைக்கு வந்து சேர்வதற்குள் பக்கவாதமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கிய நேரத்தில் ஆர்லன் வலது கையைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார் என்பதற்கு நாற்பது பேர் சாட்சி. பக்கவாதமும் கிடையாது ஒன்றும் கிடையாது, கலிபோர்னியாவிலிருந்து ரகசியப் பந்து ஒன்று வரவழைத்திருக்கிறார் என்றது இன்னொரு கட்சி.

விசாரித்துப் பார்த்ததில் இரண்டு கட்சியும் முழுப் பொய் சொல்லவில்லை. பைக்குள் பந்து இருந்தது. அதைப் பிடித்துப் பிடித்தே கையும் மரத்துப்போயிருந்தது. கலிபோர்னியா என்பது மட்டும் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த முகவரி. பந்து வந்தது, அதே மளிகைக் கடைக்கு மூன்று கடை தள்ளியிருந்த மருந்துக் கடையிலிருந்து.

ஆர்லனுக்கு வயது நாற்பத்து மூன்று. மினசோட்டாவின் அந்த மூலையில் வீடு வீடாகக் காஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறார். இருபத்திரண்டு கோடைக்காலமாக ஊர் பேஸ்பால் அணிக்குப் பந்தெறிகிறார். சம்பளம் கிடையாது. பதினேழாம் எண் சட்டை ஒன்று உண்டு, அதைத் துவைப்பது அவர் மனைவி. அந்தச் சட்டைக்குத்தான் ஜனவரியில் ஆபத்து வந்தது.

அணியின் மேலாளர் வெண்டல் க்ரோல். தொழில் சவ அடக்க நிலையம். துக்கச் செய்தியைப் பக்குவமாகச் சொல்வதில் மாவட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆர்லனின் தோளில் கை வைத்தார்.

"ஆர்லன், உன்னோட வேகம் போயிடுச்சுப்பா. கஷ்டப்படாம போச்சு. நல்லாத்தான் வாழ்ந்துச்சு."

"எப்போங்க?"

"போன ஆகஸ்ட்லேயே. உங்கிட்டச் சொல்ல யாருக்கும் மனசு வரல."

மே மாதம் ரிக்டர்வில் ஊரோடு முதல் ஆட்டம். அதில் ஆர்லன் எறியலாம். தேறினால் சட்டை அவருக்கு. இல்லையென்றால் கல்லூரியிலிருந்து ஒரு பையன் வருகிறான், அவனுக்கும் பதினேழுதான் ராசியாம்.

வேகம் போனவனுக்கு மிச்சமிருப்பது ஏமாற்று. பேஸ்பாலில் அதற்கு மரியாதையான பெயர் சேஞ்ச்-அப். வேகப் பந்து எறிவது போலவே கை சுழல வேண்டும், பல் கடிக்க வேண்டும், பந்து மட்டும் சோம்பலாகப் புறப்பட வேண்டும். மட்டையாளன் அவசரப்பட்டு வீசி முடித்து வெட்கப்படும் நேரத்தில் பந்து ஆற அமர வந்து சேரும். ஆர்லனுக்கு இது ஒருநாளும் வந்ததில்லை. மீட்டர் பார்த்துக் காஸ் ஊற்றும் மனிதர், ஏமாற்றிப் பழக்கமில்லை.

மருந்துக் கடை மார்லிஸிடம் பழகு பந்து ஒன்று இருந்தது. மகனுக்காக வாங்கியது, மகன் டியூபா வாசிக்கப் போய்விட்டான். பந்தின் பக்கவாட்டில் நீல பிளாஸ்டிக் வளையம் ஒன்று செருகியிருக்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதில் கோத்துக்கொண்டு, பந்தை உள்ளங்கையில் ஆழமாக வைத்து எறிய வேண்டும். சரியாக எறிந்தால் பந்து போகும், வளையம் கையில் நிற்கும். தப்பாக எறிந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

"எவ்வளவு தரணும்க்கா?" என்றார் ஆர்லன்.

"காசு யாருப்பா கேட்டா? ஒரே ஒரு சேஞ்ச்-அப். நிஜ ஆட்டத்துல, என் கண்ணு முன்னால. அந்தப் பந்து எதுக்காச்சும் உதவுச்சுன்னு நான் பார்க்கணும்."

மார்லிஸ்தான் ஊர் அணியின் ஸ்கோர் புத்தகம் எழுதுபவர். அவர் கண்ணிலிருந்து தப்பிய பந்து இதுவரை இல்லை.

பயிற்சி டிராக்டர் கொட்டகையில் நடந்தது. வெளியே பனி முழங்கால் வரை. மனைவியின் தம்பி ரஸ், குழாய் வேலைக்காரன், அணிக்கு கேட்சர், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பந்து பிடித்தான். முதல் மாதம் வளையமும் பந்தும் ஒற்றுமையாகவே பறந்தன. டிராக்டரின் ஒரு விளக்கு போயிற்று. உறைபெட்டியின் மூடியில் பள்ளம் விழுந்தது, உள்ளே மான் கறிக்குச் சேதமில்லை.

மார்ச்சில் வளையம் கையில் நிற்க ஆரம்பித்தது. அப்போதுதான் ரஸ் இன்னொன்றைக் கவனித்தான்.

"மச்சான், சேஞ்ச்-அப் போடுறப்ப மட்டும் நாக்க வெளிய நீட்டுற."

"இல்லியே."

"இதோ, இப்பவும் நீட்டிக்கிட்டுதான் நிக்கிற. பொய் சொல்லப் போறவன் நாக்க நீட்டிட்டுப் போனா எவன்யா நம்புவான்?"

வேகமானியை வாங்கிவந்து அளந்தார்கள். சேஞ்ச்-அப், மணிக்கு எழுபது மைல். வேகப் பந்து, எழுபத்தொன்று. ரஸ் கருவியைத் தட்டிப் பார்த்தான்.

"ஒரு மைல் மச்சான். காத்து திரும்பினாலே இத விட ஜாஸ்தியா மாறும்."

குறை சேஞ்ச்-அப்பில் இல்லை. அதற்கு இணையாக ஓட வேண்டிய வேகப் பந்துதான் ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டதே.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தேவாலயத்தின் அடித்தளத்தில் மீன் வறுவல் விருந்து. ரிக்டர்வில்லிலிருந்தும் வண்டி வண்டியாக வருவார்கள். அவர்களுடைய மட்டையாளன் ட்ரெண்ட் வாக்னர், போன வருடம் ஆர்லன் எறிந்த பந்தை மக்காச்சோளக் காட்டுக்குள் இரண்டு முறை அனுப்பியவன், தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன அண்ணே, ஏதோ புதுப் பந்து படிக்கிறீங்களாமே?"

"படிக்கிறேன்ப்பா. இன்னும் சரியா வரல."

இது சத்தியமான வாக்குமூலம். ஆனால் அந்த வட்டாரத்தில் எவரும் தன் சரக்கை நல்லதென்று சொல்வதில்லை. எண்பது ஏக்கரும் அமோகமாக விளைந்தால் 'பரவாயில்லை' என்பார்கள். மகள் டாக்டரானால் 'ஏதோ ஒரு வேலை' என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் 'சரியா வரல' என்றால், அது எந்த அளவுக்குப் பயங்கரமாக வருகிறது என்பதைக் கேட்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். ட்ரெண்ட் ஊகித்தான். உருளைக்கிழங்கு சாலட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

"ரொம்ப மோசம்ப்பா" என்று ஆர்லன் பின்னாலிருந்து சேர்த்துச் சொன்னார். அதோடு காரியம் முடிந்தது. ஈஸ்டருக்குள் ரிக்டர்வில் முழுக்க அந்தப் பந்தைப் பற்றிக் கனவு கண்டது. ஆர்லன் எறியும்போது நாக்கு வெளியே வந்தால் சேஞ்ச்-அப் என்கிற துப்பும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. ரஸ் யார் வீட்டுக் குழாயைச் சரிபார்த்தபோது வாய் விட்டான் என்பதை அவன் இன்றுவரை சொல்லவில்லை.

மே மாத ஆட்டம். எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம்: எதிரணியில் ஒருவனை 'பீர் ஆள்' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அவன் மூன்று பந்தையும் கோட்டைவிட்டு வெளியேறினால் பத்து நிமிடத்துக்கு பீர் பாதி விலை. அன்றைய பீர் ஆள் ட்ரெண்ட் வாக்னர். முதல் மூன்று தடவையும் எப்படியோ அடித்துத் தப்பித்தான், கூட்டம் தாகத்தோடு காத்திருந்தது.

கடைசிச் சுற்று. செயின்ட் ஓடில் ஒரே ஒரு ரன் முன்னால். இரண்டு பேர் அவுட், மூன்றாம் தளத்தில் எதிரணி ஆள் ஒருவன் ஓடத் தயார். மட்டையோடு ட்ரெண்ட். வெண்டல் கையைக் கட்டிக்கொண்டு, தொழில் நேரத்து முகத்தோடு நின்றார்.

இரண்டு பந்தை ட்ரெண்ட் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான். அப்படித் தட்டினாலும் கோட்டைவிட்ட கணக்குதான், ஆக இரண்டு. இன்னும் ஒன்று.

"குடிநீர் குடுய்யா ஆர்லன்!" என்று ஒருவர் கத்தினார். அவர் கேட்டது நீர் அல்ல.

ரஸ் நான்கு விரலைக் காட்டினான்: சேஞ்ச்-அப். ஆர்லன் கையுறைக்குள் பந்தைத் தேடினார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், வளையம்... வளையம் லாரியில் இருந்தது. அது இல்லாமல் விரல்களுக்குத் தங்கள் இடம் பிடிபடவில்லை. பிடிக்கும் முன்பே கை சுழல ஆரம்பித்துவிட்டது. நாக்கு மட்டும் கடமை தவறாமல் வெளியே வந்தது.

ட்ரெண்ட் நாக்கைப் பார்த்தான். காத்திருந்தான். மெதுவாக வரப்போகிற பந்துக்காக அவன் அப்படிப் பொறுமையாக நின்றதைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை தோன்றும். வழுக்கிய பந்து வழக்கமான எழுபத்தொரு மைலில் நட்ட நடுவில் அவனைக் கடந்து ரஸ்ஸின் கையுறைக்குள் விழுந்தது. மட்டை தோளிலேயே இருந்தது. வீசாமல் விட்டாலும் நடுவில் வந்த பந்து கணக்குதான்: மூன்று.

நடுவர் கையை உயர்த்துவதற்குள் பீர் ஜன்னலில் வரிசை நின்றுவிட்டது.

"இப்படி ஒரு சேஞ்ச்-அப்பை நான் பார்த்ததேயில்ல," என்றான் ட்ரெண்ட், தலையை ஆட்டியபடி. "சரியா வரலைன்னீங்களே அண்ணே!"

"வரலப்பா," என்றார் ஆர்லன். அவர் அடக்கத்தை மெச்சி ரிக்டர்வில்காரர்கள் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். வெண்டல் வந்து இரண்டு கையாலும் கைகுலுக்கினார்.

"பதினேழு உனக்குத்தான். இந்த மாதிரி எழுந்து வந்தத என் தொழில்ல நான் பார்த்ததில்ல."

மார்லிஸ் ஸ்கோர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைசியாக வந்தார். கையில் பீர் இல்லை.

"அது வேகப் பந்து."

ஆர்லன் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆமாக்கா."

"ஊருக்குச் சொல்லப் போறதில்ல. ஆனா என் கணக்குல இது சேராது."

அந்தக் கோடையில் ஆர்லன் ஆறு ஆட்டம் ஜெயித்தார். எல்லாமே நாக்கினால். ஜூலை மாதம் ஒரே ஒரு முறை விரலும் உள்ளங்கையும் ஒத்துழைத்து, சுத்தமான, அசல் சேஞ்ச்-அப் ஒன்று புறப்பட்டது. அன்று மார்லிஸ் மகனின் டியூபாவைக் கேட்கப் பக்கத்து ஊர் ஊர்வலத்துக்குப் போயிருந்தார். அந்தப் பந்தும் மக்காச்சோளக் காட்டில் எங்கோ கிடக்கிறது. அடித்தவனுக்குப் பதினான்கு வயதிலிருந்தே கண் சரியில்லை, ஆர்லனின் நாக்கு அவனுக்குத் தெரியவேயில்லை.

நீல வளையம் இன்னும் லாரியின் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. மாதா மாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆர்லன் போகும்போது, மார்லிஸ் பொட்டலத்தை நீட்டிவிட்டு ஒரு விரலை உயர்த்திக் காட்டுகிறார். ஆர்லன் தலையாட்டிவிட்டு வருகிறார்.