அயன் டக் தோற்க ஒரு நேர்த்தி

1. கண்ணாடியில் ஒரு ஓட்டை

குதிரைப் பந்தயம் பிடிக்கும் புக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி எனக்கு உட்காரும் கதிரையைக் காட்டவில்லை, காசுப்பெட்டியையும் காட்டவில்லை. கவுண்டர் கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு வெட்டியிருந்த ஓட்டையைக் காட்டினார்.

"பிள்ளை, இதுக்குள்ளால பந்தயத் துண்டு வரும், காசு வரும், காசு போகும். கதை மட்டும் போகக்கூடாது. ஆர் வந்தவன், எந்தக் குதிரைக்குக் கட்டினவன், எவ்வளவு காசு தோத்து விட்டவன், ஒண்டும் வெளியில போகக்கூடாது. அவன்ர பெண்சாதி வந்து நிண்டு அழுதாலும் வாய் திறக்கக்கூடாது. விளங்குதோ?"

"ஓம்" என்றேன். எந்தப் பெண்சாதி இந்தப் பக்கம் வரப்போகிறாள் என்று உள்ளுக்குள் சிரிப்பாகவும் இருந்தது.

எங்கள் கடை திருகோணமலையில் துறைமுகப் பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் தேத்தண்ணிக் கடை, மறுபக்கம் பெண்களுக்கான தையல் கடை, எதிரே ஓட்டோ ஸ்டாண்ட். இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளுக்கு இங்கே இருந்து பந்தயம் கட்டுவார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் துறைமுகத்து ஆட்கள், ஓட்டோக்காரர், பென்சன்காரர். ஒருவர்கூட அந்தக் குதிரைகளை நேரில் கண்டதில்லை. ஆனால் இங்கிலாந்தில் இன்று மழையா என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து நிலாவெளியில் மழையா என்பதைச் சொல்ல யோசிப்பார்கள், இதை உடனே சொல்லிவிடுவார்கள்.

2. எங்கள் கடைப் பேவரிட்

புதிதாகக் கவுண்டருக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "பேவரிட் எண்டா நல்ல குதிரைதானே மிஸ்?" என்றுதான். இல்லையடி பிள்ளை. பேவரிட் என்றால் கனபேர் காசு கட்டிய குதிரை, அவ்வளவுதான். ஒரு குதிரையின் விலை நாற்பதுக்கு ஒன்று என்றால், வென்றால் ஒரு ரூபாய்க்கு நாற்பது ரூபாய் லாபம். அதாவது அதை ஒருவரும் நம்பவில்லை. ஆட்கள் நம்பிக் காசு கட்டக் கட்ட விலை இறங்கும். நாற்பது இருபதாகும், இருபது பத்தாகும். குதிரையின் கால் அதே கால்தான். மாறுவது ஊர்க்கதை.

அதிலும் இங்கிலாந்தின் டேர்பி பொல்லாத ரேஸ். மூன்று வயதுக் குதிரைகள் மட்டும்தான் அதில் ஓடலாம். ஒரு குதிரைக்கு ஆயுளில் ஒரு டேர்பிதான். முன்னே பின்னே அதிகம் ஓடிப் பழகாத குஞ்சுகளை வைத்து உலகம் முழுக்க விலை பேசும்.

எங்கள் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். டக் ஐயா என்போம். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் டக் போட்டில் இஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மட்டும் வருவார். பேவரிட்டுக்கு மட்டும்தான் கட்டுவார். தோற்றால் குதிரையையும் ஏசமாட்டார், அதை ஓட்டினவனையும் ஏசமாட்டார், துண்டை நாலாக மடித்துக் குப்பைவாளிக்குள் போட்டுவிட்டுப் போவார்.

சில வருடங்களுக்கு முன், டேர்பிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது, அந்த மனிதர் நாற்பதுக்கு ஒன்று விலையில் ஒரு குதிரைக்குத் துண்டு எழுதி நீட்டினார். குதிரையின் பெயர் அயன் டக். இரும்பு இழுவைப் படகு!

"ஐயா, உங்களுக்கு என்ன விசரோ?" என்றேன்.

"மிஸ், முப்பது வருசம் டக்கிலதான் சோறு திண்டனான். இந்தப் பேரை விட்டுட்டுப் போக மனசு வரேல்லை."

எவ்வளவு கட்டினார் என்று நான் எழுதமாட்டேன். வழக்கமாகக் கட்டும் தொகை அல்ல என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி என் வாயால் போகவில்லை. பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரன் கண்ணால் போனது. பேவரிட்டைத் தவிர வேறு தொடாத மனிதர் நாற்பதுக்கு ஒன்றைத் தொடுகிறார் என்றால் சும்மா இருக்குமா? ஸ்டாண்ட் முழுக்க அயன் டக்குக்குக் கட்டியது. துறைமுகத்து ஆட்கள் கட்டினார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் கட்டினார். லண்டனில் பேவரிட் லோர்ட் ஹெதர் என்ற குதிரை. எங்கள் வீதியில் பேவரிட் அயன் டக். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார், அது வென்றால் கடையை மூடவேண்டியதுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பெரிய பந்தயம் விழுந்தால் ஓட்டோக்காரர் அவரை ஏற்றி, ஹோர்ன் அடித்துக்கொண்டே வீடுவரை போய், வாசலில் சீனவெடி கொளுத்திவிட்டுத்தான் திரும்புவார்கள். டக் ஐயாவுக்கு என்று சீனவெடிக் கட்டு இரண்டு அப்போதே வாங்கி வைத்துவிட்டார்கள்.

3. பெண் பார்க்க வந்தவர்கள்

அந்த நேரம் என் மகள் துஷிக்குப் புறோக்கர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தார். பொடியன் சர்வேயர். இரண்டு பேரும் போனில் கதைத்திருந்தார்கள். பிடித்துப்போய்விட்டது என்பது மகள் போன் சத்தத்துக்கு ஓடும் ஓட்டத்திலேயே தெரிந்தது. டேர்பிக்கு இரண்டு கிழமைக்கு முன், அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பொடியன் வீட்டார் வந்தார்கள்.

"வாங்கோ, வாங்கோ" என்று வாசலுக்குப் போனேன். பொடியனின் தகப்பன் குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

டக் ஐயா!

இரண்டு பேரும் இன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்பவர்கள்போலக் கும்பிட்டுக்கொண்டோம்.

அவருடைய மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து கதைக்கிற மனுசி. "எங்கட இவர் ஒரு பழக்கமும் இல்லாத ஆள். குடி இல்லை, சிகரட் இல்லை, சூது இல்லை. சனிக்கிழமையில பென்சன்காரற்ற மீட்டிங் ஒண்டு. மற்றப்படி வீடுதான்."

என் கணவருக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ர மனிசியும் அப்பிடித்தான். ஒரு ஏஜென்சியில கணக்குப் பாக்கிறா."

ஐயாவுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. களவெடுக்காமல், பொய் சொல்லாமல் உழைத்த சம்பளத்தில் கட்டிய வீடு அது. அதற்குள் இருந்துகொண்டே என் வேலையை ஒளிக்கிறார் இந்த மனிதர். ஆனால் துஷியின் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். எழுத்துக்கு, அதாவது கலியாணப் பதிவுக்கு, நாள் பார்ப்பது என்று முடிவானது.

மறுநாளே ஐயா கவுண்டர் ஓட்டைக்கு நேரே முகத்தை வைத்தார்.

"மிஸ், அந்தத் துண்டைக் கிழிச்சுப்போட ஏலாதோ?"

"ஏலாது ஐயா. ஒரு விலைக்குக் கட்டினா கட்டினதுதான்."

"அப்ப அது வெண்டால் என்ர வீட்டு வாசலில வெடி கொளுத்துவாங்களே!"

"கொளுத்துவாங்கள். பிறகு உங்கட மீட்டிங்கும் தெரியும், என்ர ஏஜென்சியும் தெரியும், பிள்ளையளின்ர கலியாணமும் முடிஞ்சுது."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதர் தான் காசு கட்டிய குதிரை தோற்க வேண்டும் என்று தவித்ததைப் பார்த்தேன்.

4. டேர்பி அன்று

இங்கே கச்சான் காற்று அனலாக அடித்த நாள். டிவியில் பார்த்தால் இங்கிலாந்தில் கொட்டு கொட்டென்று மழை. நிலம் சேறாகிவிட்டது. சேறு என்றால் அயன் டக்குக்குக் கொண்டாட்டமாம். காலையில் இருபதில் இருந்த விலை பின்னேரம் பன்னிரண்டு, ரேஸ் தொடங்கும்போது ஒன்பது. இந்த முறை லண்டன்காரனும் எங்கள் வீதியோடு சேர்ந்துவிட்டான்.

கடை நிரம்பி வழிந்தது. ஐயா முன்வரிசைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "வீட்டில இருந்தா நெஞ்சு வெடிச்சிடும் மிஸ்" என்றார். முதலாளி எனக்குப் பின்னால் நின்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் மேசை லாச்சிக்குள் இருந்த சல்லிக் கோவில் அம்மன் படத்தைப் பார்த்தேன். 'சல்லி அம்மாளாச்சி, இந்தக் குதிரை மட்டும் வெல்லக்கூடாது. வந்து பொங்கிப் படைக்கிறன்.'

ரேஸ் தொடங்கியது. அயன் டக் கடைசிக்கு முந்தின இடத்தில். எனக்கு மூச்சு வந்தது. பாதித் தூரம் போயும் அங்கேதான். முதலாளி ஒரு விரலை விடுவித்தார். கடைசி வளைவு திரும்பியதும் வெளிப்பக்கத்தால் ஒரு கறுப்புக் குதிரை சேற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அயன் டக்! ஒன்று, இரண்டு, ஐந்து குதிரைகளைத் தாண்டிவிட்டது. முன்னால் லோர்ட் ஹெதர் மட்டும்.

ஐயா கண்ணைத் திறந்தார். எழும்பினார். பிறகு கதிரைக்கு மேலே ஏறினார்.

"இழு! இழுடா மோனே! இழு ராசா, இழு!"

டக் போட்டின் இஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பழகிய குரல் அது. கடை முழுக்கச் சேர்ந்து கத்தினாலும் அந்தக் குரல் தனியே கேட்டது. வீதி கடந்து கேட்டது. பக்கத்துத் தையல் கடைக்குக் கேட்காமல் இருக்குமா? அங்கே அவருடைய மனைவி, மகனின் எழுத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு குதிரைகளும் ஒன்றாக முடித்தன. படம் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள் என்றார்கள். கடை அப்படியே அமைதியானது. அந்த அமைதிக்குள் அந்த அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். அத்தனை வருடத்தில் எங்கள் கடைக்குள் வந்த முதல் பெண்சாதி.

முடிவு வந்தது. லோர்ட் ஹெதர் முதலாவது, அயன் டக் இரண்டாவது, மூக்களவு வித்தியாசம். "சீ!" என்று கடை முழுக்க ஒரே சத்தம். முதலாளி சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மாளாச்சி நான் கேட்டதை அப்படியே தந்துவிட்டா. நான்தான் கேட்கவேண்டியதைச் சரியாகக் கேட்கவில்லை.

கதிரையில் நின்றபடியே ஐயா திரும்பினார்.

"மீட்டிங் முடிஞ்சுதோப்பா?" என்றார் மனைவி.

அந்த அம்மா நேரே கவுண்டருக்கு வந்து ஓட்டைக்குள்ளால் குனிந்து பார்த்தார்.

"நீங்களோ?"

"ஓம்."

"இதுதானோ ஏஜென்சி?"

"ஓமக்கா, இதுதான்."

"நல்லது. இவர் எத்தினை வருசமா இஞ்ச வாறார்? மாசம் எவ்வளவு விடுறார்?"

"அதை நீங்கள் ஐயாட்டத்தான் கேக்கோணும் அக்கா. நான் சொல்ல ஏலாது."

"நாங்கள் சம்பந்தம் செய்யப்போற ஆக்கள். என்னட்டையும் சொல்லமாட்டியளோ?"

"என்ர மகளின்ர கலியாணம் நிண்டாலும் சொல்ல ஏலாதக்கா."

பின்னாலிருந்து முதலாளி, "அக்கா, ஐயா பெரிசா ஒண்டும்..." என்று தொடங்கினார். அவர் காலை ஓங்கி மிதித்தேன். எனக்குச் சட்டம் சொல்லித்தந்த மனிதருக்கு நான்தான் அதை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அந்த அம்மா "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐயா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

5. மூன்று பானை

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. "ஒரு சின்னத் தொகையைச் சொல்லிச் சமாளிச்சிருக்கலாம்தானே?" என்றார் கணவர். "நீங்கள் ஏஜென்சிக் கதை கட்டாமல் இருந்திருக்கலாம்தானே?" என்றேன்.

துஷிதான் என்னை உடைத்தவள். "அம்மா, நீங்கள் செய்தது சரி. ஆனா எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். குசினி அடுப்படிக்குப் போய் அழுதேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அம்மனுக்கு வைத்த நேர்த்தி நேர்த்திதான். செவ்வாய்க்கிழமை பானையும் அரிசியுமாகச் சல்லிக்குப் போனேன். கோவில் முன்னால் கல் வைத்து அடுப்பு மூட்டப் பார்த்தால், அடுத்த அடுப்பில் குனிந்து ஊதிக்கொண்டிருப்பது டக் ஐயா. பக்கத்தில் அவருடைய மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஓடிவிடலாம்போல இருந்தது.

"நீங்களும் நேர்த்தியோ?" என்று கேட்டார் அம்மா. "இவர் அம்மாளாச்சியிட்ட என்ன கேட்டவர் தெரியுமோ? தன்ர காசு தோக்கோணும் எண்டு கேட்டவராம்!"

"நானும் அதைத்தான் கேட்டனான் அக்கா."

அந்த அம்மாவின் வாய் கோணியது. அடக்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ஓட்டோ வந்து நின்றது. முதலாளி இறங்கினார், கையில் புதுப் பானை.

"ஐயோ, இவருக்கும் அதே நேர்த்தியோ!" என்று அந்த அம்மா துருவலையைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"அண்டைக்கு வீட்டை போய் இவரை நல்லாக் கிழிச்சனான். எல்லாத்தையும் சொல்லிப்போட்டார், தொகையும் சொன்னவர். அதுக்குப் பிறகுதான் இருந்து யோசிச்சன். என்ர தங்கச்சி சம்பந்தம் செய்த வீட்டில காலமை ஒரு சண்டை வந்தா, பின்னேரம் அது சந்தையில கிடக்கும். நீங்கள், சொந்த மகளின்ர வாழ்க்கை போற நேரத்திலயும் ஒரு சொல்லு விடேல்லை. இப்பிடி ஒரு வீட்டை நான் எங்க போய்த் தேடுறது, தங்கச்சி?"

அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பினேன்.

"எழுத்துக்கு வாற மாசம் நல்ல நாள் இருக்காம். பானையைப் பாருங்கோ, பொங்குது" என்றார்.

இப்போது துஷிக்கு ஒரு மகன். ஐயா சனிக்கிழமைகளில் மனைவியிடம் சொல்லிவிட்டே வருகிறார், பேவரிட்டுக்கு மட்டும்தான் கட்டுகிறார். என் கணவர் யார் கேட்டாலும், "மனிசி புக்கியில சீனியர்" என்று சொல்கிறார். இதை எழுதலாமா என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டேன். தங்கள் வீட்டுப் பேரைப் போடாவிட்டால் சரி என்றார்.

கவுண்டருக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்கு இப்போது நான்தான் ஓட்டையைக் காட்டுகிறேன். இந்தக் கதையையும் சொல்வேன். முடித்ததும் ஒவ்வொருத்தியும் தவறாமல் ஒன்று கேட்பாள். உங்களுக்கும் அது வாயில் வந்திருக்கும்.

"அது சரி மிஸ், அவர் உண்மையில மாசம் எவ்வளவு விட்டவர்?"

ஐயாட்டக் கேளுங்கோ.