ஊர்ப்பெயர் சொல்லாத நோயாளி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேற்கு லண்டன் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். பெரும்பாலும் ஹவுன்ஸ்லோ பக்கத்து நம்மவர்களுக்காக, இலங்கைத் தமிழர்களுக்காகத்தான் கூப்பிடுவார்கள். மாஸ்கோவில் படித்தவன் என்பதால் எப்போதாவது ரஷ்ய மொழிக்கும் அழைப்பு வரும். அப்படி ஒரு காலை போனபோது, மெஷின் வாங்கும் குழுவோடு லண்டன் வந்த ஒரு ரஷ்ய எஞ்சினியர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். அப்பெண்டிக்ஸ்.

முன்பு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்தபோது மூச்சு நின்றுபோனதாம். எந்த மருந்து என்று அவருக்குத் தெரியாது. நர்ஸாக இருக்கும் மனைவிக்குத்தான் தெரியும். யூரல் மலைப் பக்கத்துப் பெரிய நகரம் ஒன்றின் பெயரையும் வீட்டு டெலிபோன் நம்பரையும் சொன்னார். அந்த நகரத்தில் அப்படி ஒரு நம்பரே இல்லை என்று ஒப்பரேட்டர் கையை விரித்துவிட்டார்.

சர்ஜன் மதுரைக்காரர். என்னிடம் தமிழிலேயே எரிந்து விழுந்தார்.

"சொந்த ஊர் கூடவா சார் மறந்துபோகும்? மருந்து தெரியாம மயக்கம் கொடுக்கப் பயமா இருக்கு. லேட்டானா வெடிச்சிரும்."

"மறக்கேல்லை டொக்டர். சொல்லமாட்டார். அந்த மாதிரி ஊர்ச் சனத்தின்ர வழக்கம் அப்பிடி."

அந்த மலைகளுக்குள் அணு ஆலைக்காகக் கட்டிய ஊர்கள் உண்டு. சுற்றிலும் வேலி; வரைபடத்தில் பெயர் கிடையாது. வெளியே வருபவர்கள் பக்கத்துப் பெரிய நகரத்தையே தங்கள் ஊர் என்று சொல்லக் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்கள். என் ஹொஸ்டல் அறைத்தோழன் அப்படி ஒருவன். அவன் சொன்ன நகரத்துக்காரன் ஒருவன் எந்தத் தெரு என்று கேட்டதும் இவன் எழுந்து போய்விட்டான்.

ஊரைக் கேட்பதை விட்டேன். மாஸ்கோ ஒப்பரேட்டரைப் பிடித்து, வார்டு போனை எஞ்சினியர் கையில் கொடுத்தேன். ஊர்ப் பெயரை எனக்குச் சொல்ல வேண்டாம், ஒப்பரேட்டர் பெண்ணிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். சர்ஜனை இழுத்துக்கொண்டு திரைக்கு வெளியே போய் நின்றேன். சர்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுமுனையில் மணி அடிக்கும்போதே என்னைக் கூப்பிட்டுப் போனைத் தந்தார். லைனில் மனைவி. இந்த நம்பரை உங்களுக்கு யார் கொடுத்தது என்பதுதான் அவள் முதல் கேள்வி. உங்கள் கணவர்தான் என்றேன். பிறகு மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். சர்ஜன் எழுதிக்கொண்டு ஓடினார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பதில் வராவிட்டால் கேள்வியைச் சத்தமாகத் திருப்பிக் கேட்காதீர்கள். யாரிடம் சொன்னால் அவருக்குப் பயம் குறையும் என்று பாருங்கள். நம்மவர்களிடமும் இதே கதைதான்.

மயக்கம் தெளிந்ததும் அவர் வயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக் குனியச் சொன்னார்.

"ஊர்ப் பெயரை எங்காவது எழுதினார்களா?"

"இல்லை. மருந்தின் பெயரை மட்டும்தான்."

அப்போதுதான் அழுதார்.