வள்ளத்து ரெசினும் என் வேட்டைப்பல்லும்

சென்ற கிழமை என் மகள் கண்ணாடியின் முன் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மற்றக் கையில், அறுந்த செருப்பை ஒட்ட நான் வாங்கி வைத்திருந்த பசை டியூப். பல் கிளிப்பின் துண்டொன்று கழன்றுவிட்டதாம். நான் கத்திய கத்தலில் டியூப் கீழே விழுந்தது. அதற்குள் அவள் ஒட்டி முடித்திருந்தாள். அவளுடைய வயதில் நானும் அதையே செய்தவள்.

போர் ஓய்ந்து பாதை திறந்திருந்த கொஞ்சக் காலம் அது. மாதத்தில் ஒருநாள் வெளியூரிலிருந்து ஒரு பல் டொக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பற்களோடு, வாயைப் பொத்திக்கொண்டே சிரித்துப் பழகிய எனக்கு அவரிடம் கிளிப் போட இடம் கிடைத்தது. இன்னும் பல பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

பல்லில் ஒரு மருந்தைத் தடவிக் கழுவுவார். காற்றடித்துக் காயவைப்பார். இரண்டு களிம்புகளைக் குழைத்து, அரிசியளவு உலோகத் துண்டை ஒட்டி, அதன்மேல் கம்பியை ஓட்டுவார். எல்லாப் பற்களிலும் துண்டு நின்றது, இடப்பக்கத்துக் கூர்ப்பல்லான வேட்டைப்பல்லைத் தவிர. அந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. எனக்கோ பயம் வந்தால் வாய் நிறைய எச்சில் ஊறும். இரண்டு தடவை கழன்றது.

அப்பா பைபர் படகுகளின் வெடிப்புகளை, ரெசின் பசையும் அதை இறுக்கும் ஹாடனரும் கலந்து அடைப்பவர். ஒட்டும் வேலையில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவருடைய எண்ணம். அதை டொக்டரிடமே சொன்னார்.

"உங்கட சாமானுக்கு ஹாடனர் காணாது டொக்டர். நான் ஒட்டினதெண்டால் கடலாலயும் கழட்டேலாது."

"அப்ப நீங்கள் இதில நிண்டு பல்லைப் பாருங்கோ ஐயா. நான் போய் வள்ளம் பாக்கிறன்."

வாங்கில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அடுத்த முறை டொக்டர் வேறொரு பசை கொண்டுவந்தார். நீல வெளிச்சம் பட்டால் அது உடனே இறுகிவிடும். ஒட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனிக் கழண்டால் பசையில பிழையில்லை. நீர் கண்டதையும் கடிக்கிறீர். எல்லாத்தையும் கழட்டிப்போட்டு அடுத்த பிள்ளைக்கு இடத்தைக் குடுத்திடுவன், விளங்குதோ?"

நன்றாக விளங்கியது. ஆனாலும் அடுத்த கிளினிக்குக்கு முதல்நாள் பின்னேரம் புழுக்கொடியல் கடித்தேன். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், கல் மாதிரி. 'டக்' என்றது. துண்டு கம்பியில் தொங்கியது.

அப்பா தோட்டவெளிக் கிராமத்துக்குப் படகொன்று பார்க்கப் போயிருந்தார். நான் அவருடைய கொட்டிலுக்குள் போனேன். சுரண்டாத இடத்தில் ஒன்றும் ஒட்டாது என்று அவர் சொல்வார். ஆகவே சாண்ட்பேப்பரால் பல்லைத் தேய்த்தேன். பல்லின் வேர்வரை கூசியது. தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன். நாக்கு எரிந்தது. தேங்காய்ச் சிரட்டையில் ரெசினை ஊற்றினேன். அப்பா ஹாடனரைத் துளித்துளியாக எண்ணித்தான் விடுவார். கழலவே கூடாது என்பதற்காக நான் எண்ணாமல் ஊற்றினேன்.

துண்டுக்குப் பின்னால் ரெசினை வைத்துப் பெருவிரலால் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அது சுடத் தொடங்கியது. சிரட்டையிலிருந்து புகை வந்தது. விரலை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. வாயைத் திறந்தபடியே நின்றேன். அழவும் பயம், அழுதால் எச்சில் ஊறும், ஊறினால் கழலும், கழன்றால் என் இடம் போய்விடும். பல்லுக்குள் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. அப்போதும் விரலை இன்னும் அழுத்தினேனே தவிர, அடுத்த வீட்டைக் கூப்பிடவில்லை.

வாசலில் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. அப்பா சிரட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சவர பிளேட்டால் என் விரல் தோலைச் சீவி என்னை விடுவித்தார். பைப்பின் கீழே வாயைப் பிடித்துத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

டொக்டர் முதல்நாளே வந்து ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தது என் அதிர்ஷ்டம். துண்டை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஆர் இதை ஒட்டினது?"

"நான்தான்," என்றார் அப்பா.

பிறகு டொக்டர் ஏசிய ஏச்சு வெளி வாங்குவரை கேட்டது. வளர்ந்த மனிசன் செய்யிற வேலையா, பிள்ளையின் தொண்டைக்குள் போயிருந்தால் என்ன செய்வீர், கொஞ்சமாவது மூளை இருக்கா! ஏசிக்கொண்டே என் பெருவிரலுக்கு மருந்து பூசித் துணி சுற்றினார். தன் ரெசின் ஒட்டு அசையாததில் ஒரு பெருமையும் இல்லாமல் அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் இடம் போகவில்லை. டொக்டர் நம்பிவிட்டார் என்று, சைக்கிளில் அப்பாவின் முதுகில் முகத்தை வைத்து நோவோடு நோவாகச் சிரித்தேன்.

கிளிப் கழற்றிய நாளில் மற்றத் துண்டுகள் ஒரே நெரிப்பில் வந்துவிட்டன. இது மட்டும் பல்லில் ஒரு சீவலைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

"வேலை முடிய, பல்லை நோகடிக்காமல் விடவும் வேணும் ஐயா. அதுதான் நல்ல பசை."

"எங்கட வேலையில ஒட்டு விட்டால் ஆக்கள் கடலில தாண்டுபோவினம் டொக்டர்," என்றார் அப்பா, மெதுவாக.

அந்தக் குழியில் இப்போதும் என் நாக்கு போய் நிற்கும்.

சென்ற கிழமை மகளை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். இளம் டொக்டர். பார்த்தவுடன், ஆர் ஒட்டினது என்று கேட்டார். அவள் என் சட்டையைப் பிடித்தாள்.

"நான்தான்," என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளுடைய கையை விரித்து, விரல் நுனிகளில் காய்ந்திருந்த பசையை மருந்துப் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "பெரியாக்கள் இப்பிடிச் செய்யலாமோ அம்மா?" என்று எனக்கு ஏசத் தொடங்கினார். அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்று ஏசிக்கொண்டே அந்த டொக்டர் துணி சுற்றிய என் பெருவிரல் நினைவுக்கு வந்து, நான் நிலத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் மகள் என் காதுக்குள் சொன்னாள்:

"அம்மா, டொக்டர் நம்பிட்டார்."

"ஓம்," என்றேன்.