கண்ணாடி இழையில் ஒட்டிய தூசு

நித்யஸ்ரீ முதலிபாளையம் தொழிற்பேட்டையில் கண்ணாடி இழை தயாரிக்கப் போவதாகச் சொன்னபோது அவள் அப்பா மகுடேஸ்வரன், "பனியன் கம்பெனி ஊருல இத யாரு கண்ணு வாங்குவாங்க?" என்றார்.

வாங்குகிறவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். விமானத்துக்குள் தகவல் கடத்தும் கேபிள் செய்பவர்கள். இண்டு இடுக்கில் எப்படி வளைந்தாலும் ஒளி கசியாத இழை அவர்களுக்கு வேண்டும். இதே துறையில் ஆராய்ச்சி முடித்திருந்த நித்யஸ்ரீ, இழையின் நடுப்பகுதியைச் சுற்றி வேறு தன்மையுள்ள கண்ணாடியால் மெல்லிய வளையம் ஒன்றை வடிவமைத்தாள். நழுவப் பார்க்கும் ஒளியை அது உள்ளேயே நிறுத்தும். கணக்கெல்லாம் சரியாக வந்தது.

இழை இழுக்கும்போதுதான் வம்பு. உயரத்தில் இருக்கும் உலையில் கண்ணாடித் தண்டு உருகி, தலைமுடிபோல மெலிந்து இறங்கும்; பிளாஸ்டிக் பூச்சு ஏறியதும் கீழே உருளையில் சுற்றிக்கொள்ளும். சுற்றியதை இழுத்துச் சோதித்தால் பட்டென்று அறுந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பூச்சுக்கு அடியில் பஞ்சுத் தூசு; அது ஒட்டிய இடத்தில்தான் இழை அறுந்திருந்தது.

பக்கத்து ஷெட்டில் பனியன் துணி பின்னும் கிட்டுசாமியின் நிட்டிங் யூனிட். அதன் எக்ஸாஸ்ட் ஃபேன் இவள் பக்கம்தான் ஊதியது.

"மாமா, உங்க ஃபேன்ல வர்ற பஞ்சு எங்க இழைய அறுக்குதுங்க."

"பஞ்சு போயி கண்ணாடிய அறுக்குமா கண்ணு?" என்று சிரித்தபடியே வந்தவர், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஃபேனை வேறு பக்கம் மாற்றிக்கொடுத்தார்.

அறுந்துபோவது குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

"இன்னும் அவிய ஷெட்டுப் பஞ்சுதானுங்க மேடம்," என்றாள் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சித்ரகலா. நித்யஸ்ரீக்கும் கோபம்தான். கிட்டுசாமியிடம் மறுபடி போவதற்கு முன் இன்னொரு முறை பார்த்தாள். பூச்சுக்குள் கிடந்த தூசு நீலம். கிட்டுசாமி ஓட்டுவது சாயம் போடாத வெள்ளை நூல் மட்டும்.

அவள் தன் கையைப் பார்த்தாள். உலைச் சூடு தாங்காமல் மேலங்கியின் கையை மடித்துவிட்டிருந்தாள். உள்ளே இருந்த நீலப் பருத்திச் சுடிதார் மணிக்கட்டு வரை வெளியே தெரிந்தது. சித்ரகலாவுக்கு மணிக்கட்டுவரை மூடிய உடுப்பைக் கட்டாயமாக்கியவளே அவள்தான். முகம் சுண்டிப்போயிற்று.

அன்று மாலையே பக்கத்து ஷெட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப ஃபேனப் பழையபடி திருப்பிரட்டுமா?"

"ஐயோ வேண்டாங்க மாமா! உங்க பஞ்சும் இருந்துச்சுங்க."

கிட்டுசாமி வாய்விட்டுச் சிரித்தார்.

மேலங்கியின் கையை இறக்கிவிட்டபின் சுற்றிய அடுத்த உருளை இழை சோதனையில் அறாமல் நின்றது. பெங்களூர்க்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு மறு ஆர்டரும் கொடுத்தார்கள். இப்போது நித்யஸ்ரீ இன்னும் இறுக்கமாக வளையும் இழை ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறாள். அது இன்னும் கைகூடவில்லை.