நாத்தனாருக்கு வந்த கோபம்

என் நாத்தனாருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சரிங்க’. யார் எதைச் சொன்னாலும் அவள் வாயில் வருவது அது ஒன்றுதான். கடல் தாண்டிப் பிழைக்க வந்த ஊரில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவாள், நான் மடிப்பேன். எட்டு வருஷமாக இதுதான். சூப்பர்வைசர் ஸ்பானிஷ்காரர். அவர் வாயைத் திறந்தாலே இவள் “சி, சி” என்று தலையாட்டுவாள். அவர்கள் பாஷையில் ‘சி’ என்றால் ‘ஆமாம்’. நம் காதுக்கோ யாரையோ காறித் துப்புவதுபோல இருக்கும். நிஜமாகவே துப்பியிருந்தால் என் வயிறு இப்படி எரிந்திருக்காது.

அவள் மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க விடுவார்கள். அந்த மனுஷனோ வரிசையாக நாலு ஞாயிறு இவளையே வேலைக்கு வரச் சொன்னார். இவளும் நாலு தடவையும் “சி”! கடைசியில் மகள் போனில், “இனிமே வர்றேன்னு சொல்லாதம்மா. கேட்டுல நின்னு நின்னு கால் வலிக்குது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் இவளுக்கு ரோஷம் வந்தது. “அண்ணி, கோவத்துக்கு அவங்க பாஷையில என்ன?”

“எனக்கென்ன தெரியும்? நான் கோவப்பட்டா பாஷையே தேவையில்ல.”

எதிர் மேசையில் இஸ்திரி போடுகிறவளும் ஸ்பானிஷ்காரிதான். அவளிடம் என் நாத்தனார் முகத்தைச் சுளித்து, மேசையைக் குத்திக் காட்டிக் கேட்டாள். ‘ராபியா’ என்று பதில் வந்தது. அவ்வளவுதான், அந்த வாரம் முழுக்கக் குளியலறையில் ராபியா, அடுப்படியில் ராபியா. ‘என்கிட்ட இருக்கு’ என்பதற்குத் ‘தெங்கோ’ என்று முன்பே தெரியும். அவர்கள் பாஷையில் மேசை, கதவு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ‘லா’ வருகிறதே என்று இதற்கும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அறைக்குள் போய், “தெங்கோ லா ராபியா!” என்றாள்.

மனுஷன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இவள் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அவசர அவசரமாக ஒரு சீட்டு எழுதி நீட்டினார். மூன்று நாள் லீவு, ஞாயிறும் சேர்த்து!

விஷயத்தைக் கேட்ட எதிர் மேசைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். நாய்போலக் குரைத்து, ஊசி போடுவதுபோலக் காட்டினாள். ‘லா’ போட்டால் அது கோபமில்லையாம், நாய்வெறியாம். போனில் மொழிபெயர்த்து மீதியையும் காட்டினாள்: கோபம் நம்மிடம் இருப்பதில்லை, இன்னொருத்தர் தருவது. ‘மே தா ராபியா’, எனக்குக் கோபத்தைத் தருது என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

“எதுவா இருந்தா என்னடி? லீவு கெடச்சிடுச்சுல்ல, கெளம்பு” என்றேன்.

அவள் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நாய் கடிச்சதுக்கு லீவு வேணாம் அண்ணி. எனக்குக் கோவம் வந்ததுக்கு வேணும்.”

தலையில் அடித்துக்கொண்டேன். பிழைக்கத் தெரியாத ஜென்மம்! எட்டு வருஷம் திறக்காத வாயை இன்றைக்கா திறக்க வேண்டும்?

திரும்பப் போய்ச் சீட்டை அவர் மேசைமேல் வைத்தாள். “மே தா ராபியா.” சுவரில் தொங்கிய வேலைப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே இருந்த நாலு ஞாயிறையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். வரப்போகிற ஐந்தாவதன்மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை. நான் கதவருகே நின்று எட்டிப் பார்த்தேன்.

அவர் பட்டியலைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அந்த ஐந்தாவது ஞாயிறைப் பேனாவால் அடித்தார். இது போதுமா என்பதுபோல இவளைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“சீ” என்றாள் என் நாத்தனார்.

அவருக்கு அது ‘ஆமாம்’ என்று கேட்டிருக்கும். எனக்கு நல்ல தமிழில் கேட்டது.