டேங்குக்காகப் போட்ட கையெழுத்து

காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேனுக்காக அந்தப் பழைய வாட்டர் டேங்குக்கு அடியில் நிற்கும்போது, பிடரியில் ஒரு சொட்டு விழும்... ஜில்லென்று, பாசி வாசனையோடு.

வெள்ளைக்காரன் காலத்து டேங்க் என்பார்கள். காங்கேயம் ரோட்டில் திருப்பூருக்கு வந்தால் எங்கள் ஊரில் முதலில் தெரிவது அதுதான். நான் சொல்வது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். சாயப்பட்டறை புண்ணியத்தில் எங்கள் லைன் வீட்டு போர்வெல் தண்ணீர் ஒருநாள் சிவப்பு, ஒருநாள் நீலம். குடிக்க இந்த டேங்க் தண்ணீர் மட்டும்தான்.

அதை இடித்துவிட்டு லாரி நிறுத்த இடம் கேட்டவர் எங்கள் பனியன் கம்பெனி முதலாளி. ஒழுகுகிறதாம்... விழுந்துவிடுமாம். ஒழுகினால் பூச வேண்டியதுதானே?

இடிக்கக் கூடாதென்று நகராட்சிக்கு மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வந்து, தைத்த துணியில் பழுது பார்க்கிற செக்கிங் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சூப்பர்வைசர் கூப்பிட்டார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"ஏனுங்க அம்மணி, பொழைக்க வந்த எடத்துல ஊர் வம்பு எதுக்குங்க? பேரை அடிச்சுப் போட்டு வந்துருங்க. இல்லாட்டி நாளைக்கு வேன் நிக்காதுங்க."

"அந்தத் தண்ணியக் குடிக்கிறது நாங்கதானண்ணே. அடிக்க மாட்டேன்."

நிற்கவில்லைதான். மறுநாள் டிபன் பாக்ஸோடு நின்றேன். டிரைவர் பார்க்காத மாதிரி போனார். உள்ளே இருந்த என் செட்டுப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனாலும் வீட்டுக்குத் திரும்பவில்லை... வீம்பு.

திருப்பூரிலேயே பிறந்த அந்த சூப்பர்வைசர் இதை எப்படி மறந்தாரோ... அந்த டேங்குக்கு அடியில் பத்துக் கம்பெனி வேன் நிற்கும். சுவர் முழுக்க 'ஆட்கள் தேவை'. அடுத்து வந்த வேன் டிரைவர் தலையை நீட்டினார்.

"செக்கிங் தெரியுமுங்களா?"

"தெரியும்ணே." ஏறிவிட்டேன்.

அந்த வாரமே, சரக்கு கப்பலேற வேண்டிய ஷிப்மென்ட் நேரத்தில், என் செட்டில் ஆறு பேர் பழைய கம்பெனியை விட்டு இந்த வேனுக்கு மாறினார்கள். ஆறு பேரும் மனுவிலும் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் லைன் வீடு மொத்தமும் போட்டது. அத்தனை கையெழுத்தோடு மனு நகராட்சிக்குப் போனதும் இடிக்கிற பேச்சு அடங்கிப்போனது.

இப்போது வீட்டுக்குள்ளேயே பைப் வருகிறது. டேங்க் காலி. சுற்றிலும் வேலி, கலர் லைட், 'நம்ம ஊர் அடையாளம்' என்று போர்டு. முன்பு குடத்தோடு நின்ற இடத்தில் இன்று செல்போனோடு நிற்கிறார்கள். நிற்கட்டும், நல்லதுதான்.

லைட் போட்ட விழாவில், டேங்கைக் காப்பாற்றியவர் என்று, இடிக்கக் கேட்ட அதே முதலாளிக்குப் பொன்னாடை. எனக்கு அழைப்பில்லை. போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைக் பிடித்தவர் என்னை அடையாளம் கண்டுவிட்டார்; ரெண்டு நிமிஷத்திலேயே பேச்சை முடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.