போர்வை போர்த்திய நெய்ச்சோறு

பெரியப்பாவுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். ஒவ்வொரு தீபாவளிக்கும் குடும்பம் கூடும்போது அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்பார்: "கை நல்லா கழுவிட்டு வந்தியா?" சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். எனக்கு மட்டும் முறுக்குத் தட்டைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருக்கும்.

அந்தக் கேள்வி பிறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். பழைய வீட்டை விற்றுவிட்டோம், பொங்கோலில் எங்கள் புதுவீடு இன்னும் கட்டி முடியவில்லை. அப்பா கடலில், எண்ணெய்த் தளத்தில் வேலை. வந்தால் சில நாள், போனால் பல வாரம். அதனால் அம்மாவும் நானும் கிளமெண்டியில் பெரியப்பா வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். "உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்று பெரியப்பா அடிக்கடி சொல்வார். எங்கள் வீடாக இருந்திருந்தால் அதை யாரும் அத்தனை முறை சொல்லத் தேவை இருந்திருக்காது.

அண்ணனுக்கு, அதாவது பெரியப்பாவின் ஒரே மகனுக்கு, இருபத்தொரு வயது நிறைந்தது. இங்கே அதைக் கல்யாணம் போலத்தான் கொண்டாடுவார்கள். ஞாயிறு மதியம் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே, திறந்த தளத்தில் மேசை நாற்காலி போட்டு விருந்து. வீட்டில் ஆள் இருக்கும்போது வெளியே சாப்பாடு சொல்வது கேவலம் என்றார் பெரியம்மா. ஆள் என்றால் அம்மா. சிராங்கூன் ரோட்டுக் கடையிலிருந்து அரிசியும் நெய் டின்னும் பஸ்ஸில் தூக்கி வந்தவளும் அவள்தான்.

ஞாயிறு காலையில் ஆக்கலாம் என்று அம்மா சொன்னாள். காலையில் நெய்யும் வெங்காயமும் வதக்கினால் பட்டுப்புடவையில் வாடை ஏறிவிடும் என்று பெரியம்மா மறுத்தார். எனவே சனிக்கிழமை மாலையே பெரிய சட்டி நிறைய நெய்ச்சோறு தயாரானது. அம்மா அதைத் தட்டுகளில் பரப்பி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்றாள். ஃப்ரிட்ஜுக்குள்ளே இரண்டு அடுக்குக் கேக்கும் அகர் அகர் ஜெல்லியும் குளிர்பானமும் ஏற்கெனவே குடியேறியிருந்தன.

"சூடானத உள்ள வச்சா ஃப்ரிட்ஜு கெட்டுடும் லா. மூடி வை, போதும்" என்றார் பெரியம்மா.

பெரியப்பா அதோடு விடவில்லை. அலமாரியிலிருந்து தடிமனான போர்வையை எடுத்துவந்து சட்டியைச் சுற்றிக் கட்டினார். சூடு அப்படியே நிற்குமாம். கைக்குழந்தையைப் போர்த்துவதுபோல் அவ்வளவு பதமாகப் போர்த்தினார்.

மறுநாள் காலை அம்மா மூடியைத் திறந்து, கரண்டியை உள்ளே விட்டுக் கிளறிப் பார்த்தாள். முகம் மாறியது. பெரியப்பாவைக் கூப்பிட்டாள்.

"மாமா, நடுவுல இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. எனக்கு மனசு ஒப்பல. கொட்டிட்டு வேற ஆக்கிடறேன்."

"சட்டியோட கொட்டுவியா? ஆவி பறக்கச் சூடு பண்ணு. அந்தச் சூட்டுல எந்தக் கிருமி உயிரோட இருக்கும், சொல்லு?"

அம்மா இன்னொரு முறையும் கேட்டாள். "இது யார் வீட்டு விசேஷம்?" என்றார் பெரியப்பா. அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். சோற்றைச் சூடு பண்ணினாள். பிறகு என்னை எங்கள் அறைக்குள் இழுத்துப்போய், காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியைக் கையில் திணித்து, "இன்னிக்கு இதான் உனக்கு. சோத்தத் தொடாத. கேட்டா வயித்து வலின்னு சொல்லு" என்றாள்.

விருந்தில் எல்லாரும் சாப்பிட்டார்கள். அம்மாவும் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு, பெரியம்மாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு ரொட்டி, இவளுக்கு நெய்ச்சோறா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கேக் வெட்டுவதற்கு முன்பே ஆரம்பித்தது. முதலில் அண்ணனின் நண்பன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடினான். அடுத்து பெரியம்மா, அந்தப் பட்டுப்புடவையிலேயே. பிறகு புதுக் கோட்டு சூட்டுடன் அண்ணன். நாற்காலிகளுக்கு நடுவே ஆளாளுக்கு வாந்தி. ஒரு சின்னப் பிள்ளையை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மறுநாள் அது நலமாக வீடு திரும்பியது.

பெரியப்பா எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னார். "அவ கையில சுத்தம் இல்ல. அதான்."

"நீங்கதான் கொட்ட வேணாம்னு சொன்னீங்க, பெரியப்பா" என்றேன்.

பளார் என்று அறை விழுந்தது. அறைந்தது அவரில்லை, அம்மா. அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. அடித்துவிட்டு, அதே கையைக் கூப்பி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். நடுவில் சாக்கடைப் பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, மிச்சமிருந்தவர்களிடமும் கேட்டாள்.

அவ்வளவு அசுத்தமான கை என்றால் சமையலறைப் பக்கம் விடாமலாவது இருந்திருக்கலாம். அதுவும் இல்லை. எங்கள் வீட்டுச் சாவி கிடைக்கும்வரை மூன்று வேளையும் அவள்தான் சமைத்தாள். ஒவ்வொரு வேளையும் பெரியம்மா வந்து நின்று, "கை கழுவினியா?" என்று கேட்டார்.

பாலிடெக்னிக்கில் நுண்ணுயிரியல் வகுப்பில்தான் குற்றவாளி யாரென்று எனக்குத் தெரிந்தது. அது மண்ணிலிருந்து அரிசியோடு வருகிற ஒரு கிருமி. அரிசி கொதிக்கும்போது மற்றவை சாகும். இதுவோ நிலைமை சரியில்லை என்றால் தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை போட்டு, விதை மாதிரி ஆகிவிடும். அந்த விதைக்குத் தீனி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மூச்சுக்கூட வேண்டாம். கொதிநீரைத் தாங்கிக்கொண்டு கிடக்கும். சோறு வெதுவெதுப்பானதும் உறையைவிட்டு வெளியே வந்து பெருகும். பெருகும்போது நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு, ஆவி பறக்கச் சூடு பண்ணினாலும் அழியாது. பெரியப்பா போர்வை போர்த்தியது அதற்குத்தான்.

அன்று மாலை பொங்கோல் வீட்டுக்கு ஓடிவந்து, மூச்சுவிடாமல் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். இப்போதே பெரியப்பாவுக்குப் போன் போடப்போகிறேன் என்று குதித்தேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அது பேரெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா அந்தச் சோறு ஆகாதுன்னு தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா நீங்க சாப்பிட்டீங்க?"

"சமைச்சவளே சாப்பிடலன்னா பெரியம்மா கேக்க மாட்டாங்களா? உனக்கு வயித்து வலின்னு சொல்லலாம். ரெண்டு பேருக்கும் வயித்து வலின்னா யாரு நம்புவா? சண்ட வரும். வந்தா அன்னிக்கு ராத்திரி உன்னக் கூட்டிக்கிட்டு நான் எங்க லா போறது?"

போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று அந்த விருந்தில், பெரியம்மா பார்த்துக்கொண்டிருக்க, அம்மா இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள். எனக்குத் தராமல் தான் மட்டும் தின்கிறாளே என்ற ஆத்திரத்தில், அவள் கொடுத்த ரொட்டியை மேசைக்கடியில் வீசினேன். அம்மா குனிந்து அதை எடுத்து, தூசியைத் தட்டி, மறுபடியும் என் கையில் வைத்துவிட்டு, தன் தட்டைக் காலி செய்தாள்.